ஒட்டாத உறை

ஜனவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேர் சுகம். அங்கே ஒருத்தர் சுகமா?

இந்த வரி அப்பா சொல்லிக்கொடுத்தது. கணக்கு வாத்தியார் வீட்டில் நலம் விசாரிப்பதுகூட எண்ணிக்கையோடுதான் இருக்க வேண்டுமாம்.

நீ அந்த வெளிநாட்டு அச்சகத்துக்குக் கிளம்பிப் பதினொரு நாள் ஆகிறது. உன் கட்டிலை நான் பிடித்துக்கொண்டேன். தேர்தலே நடக்காமல் வந்த ஆட்சி மாற்றம். அம்மா முறைத்துப் பார்த்தாள், ஆனால் போர்வையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அதனால் ஆதரவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், வேலை முடியும் வரை வெளியே வர முடியாது, இனி வருஷம் முழுக்கக் காகிதம்தான் என்று கடைசியாகப் பேசும்போது சொன்னாயே, அதிலிருந்து அம்மா என் போனையும் ஒரு மாதிரியாகவே பார்க்கிறாள். ஓட்டுச்சீட்டு அடிக்கிற இடத்தில் படம் பிடிக்கிற சாமான் எதற்கு, நியாயம்தான். ஆனால் என் போன் என்ன பாவம் செய்தது?

டிவியைத் திறந்தால் இந்த வருஷம் உலகத்தில் எங்கே பார்த்தாலும் தேர்தல். எனக்குப் பதினாறு. உலகமே ஓட்டுப் போடும்போது எனக்கு மட்டும் ஓட்டில்லை. "அம்மா, என் ஓட்டை எப்போ தருவீங்க?" என்று கேட்டேன். "அடுப்படிக் கூரையில நாலு இருக்கு, எடுத்துக்கோ" என்றாள்.

உறையைப் பார்த்தாயா? நான் ஒட்டவில்லை. அப்பா ஒட்டினார். இருபது வருஷம் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர் கையில் உறையைக் கொடுத்தால் இப்படித்தான். மடிப்பின் குறுக்கே, பாதி மேலே பாதி கீழே வருகிற மாதிரி கையெழுத்து. அதன்மேல் டேப். "பிரிச்சா தெரியணும்" என்கிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவே இல்லை. வாக்கு ரகசியமாம்.

நீ அடிக்கிற சீட்டுகளில் நாட்டுக்கு ஒன்று எனக்கு அனுப்ப முடியுமா? சுவரில் ஒட்டப் போகிறேன். அனுப்புவதாக வாக்குக் கொடுத்தால், என் வாக்கும் உனக்குத்தான்.

இப்படிக்கு,
வீட்டின் எதிர்க்கட்சித் தலைவி
(கட்சியின் ஒரே உறுப்பினர்)


பிப்ரவரி 9

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

இங்கே ஒருத்தன் சுகம். குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். அங்கே மூவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி.

அச்சகம் என்றதும் நான் மெஷினில் நிற்பதாக நினைத்திருப்பாய். இல்லை. என் வேலை வேஸ்ட் எண்ணுவது. மை கசிந்த தாள், கோணலாக வெட்டுப்பட்ட தாள், எண் விட்டுப்போன தாள், எல்லாம் என் மேசைக்கு வரும். எண்ணுவேன், பதிவேட்டில் எழுதுவேன், எரிக்கிற உலையில் போடுவேன், போட்டதும் இன்னொரு கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் யாரும் தூங்கப் போக முடியாது. அப்பா இந்த வேலையில் இருந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பார்.

நீ கேட்டது கிடைக்கும். வேஸ்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாதிரிக் கணக்கில் எழுதி, குறுக்கே சிவப்பில் 'மாதிரி' என்று முத்திரை குத்தியிருக்க வேண்டும். அந்த முத்திரைக் கட்டையும் என் மேசையில்தான் இருக்கிறது. வாசலில் தபாலைச் சோதிக்கிற காவலர் சிவப்பைப் பார்த்தால் விட்டுவிடுவார்.

முதல் தவணை இதோடு வருகிறது. இது ஒரு தீவு நாடு. பதினொரு வேட்பாளர்கள். ஒருவருக்கு ஏணி, ஒருவருக்குப் பூட்டு, ஒருவருக்குச் சேவல். எழுத்து ஒன்றும் புரியவில்லை. புழு நெளிவது மாதிரி இருக்கிறது. நாளெல்லாம் புரியாத எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு ஒரு பசி வருகிறது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விஷயத்துக்காக இல்லை, எழுத்துக்காக.

கட்டிலை வைத்துக்கொள். மெத்தைக்கு அடியில் இருப்பதைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேர் சுகம். அங்கே ஒருத்தர் குளிரில் விறைக்காமல் சுகமா?

மெத்தைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. நான் தேடுவேன் என்று தெரிந்து என்னை அரைநாள் தேடவைத்திருக்கிறாய். பழிக்குப் பழி உண்டு.

சேவல் சுவரில் ஏறிவிட்டது. அம்மா சிவப்பு முத்திரையைப் பார்த்துவிட்டு, "இது என்னடி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். "ஒரு மாதிரிதாம்மா. இன்னும் நிறைய மாதிரி வரும்" என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கரண்டியைத் தேடினாள்.

வீட்டில் பொது வாக்கெடுப்பு ஆரம்பித்திருக்கிறேன். முதல் கேள்வி: சாப்பிடும்போது டிவி பார்க்கலாமா? சீட்டு நானே வரைந்தேன், ஷூ பெட்டிதான் வாக்குப்பெட்டி. அப்பா பெட்டியைக் கவிழ்த்து எல்லாருக்கும் காலி என்று காட்டிவிட்டுத்தான் சீல் வைத்தார். எண்ணினோம். ஆம் ஒன்று, இல்லை ஒன்று. அம்மாவின் சீட்டில் "மண்ணெண்ணெய் வாங்கணும்" என்று இருந்தது. அப்பா அதைத் தனியாக வைத்து, "செல்லாத ஓட்டு" என்று அறிவித்தார். "நான் எப்பவும் செல்லாத ஓட்டுதான். செல்லம் எல்லாம் அங்க குளிர்ல இருக்கு" என்றாள் அம்மா. அப்போது உனக்குப் புரையேறியிருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் தேதி வந்துவிட்டது. ஜூன் 28. ஒரே கேள்வி: தலைவர் இன்னும் பதினைந்து வருஷம் இருக்கலாமா? ஆம், இல்லை. அப்பாவுக்குப் பழைய பள்ளிக்கூடச் சாவடிதான். முதல் கூட்டத்தில் எல்லாரிடமும் ஒரு வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்களாம். முடிவு எழுதுகிற படிவம். எண்ணிக்கையைப் பிறகு அவர்களே நிரப்பிக்கொள்வார்களாம். அப்பா, "எண்ணாம எப்படிங்க போடுறது?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவர் மட்டும்தான். அன்றிலிருந்து, கூட்டத்துக்கு உடன் வந்த டிராயிங் சார்கூட அப்பாவோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி முன்னாலேயே போகிறார்.

அம்மா இதை உனக்கு எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன். உறையை ஒட்டப்போவது அப்பாதான், படிக்கமாட்டார்.

இப்படிக்கு,
தேர்தல் ஆணையர், ஷூ பெட்டி


மே 6

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

ஒருத்தன் சுகம், முதுகுவலி தவிர. மூவரும் சுகமா? தாமதத்துக்குக் கோபிக்காதே. ஒரே மாதத்தில் நாலு நாட்டுக்கு அடித்தோம். ஒன்றில் சீட்டு படுக்கை விரிப்பு அளவுக்கு நீளம், எழுபது பேர் நிற்கிறார்கள். மடித்தாலே தலையணை ஆகிவிடும். இன்னொரு நாட்டில் ஒரே நாளில் மூன்று கேள்வி. எங்கேயோ ஒரு நாட்டில் சீட்டே கிடையாதாம், கோலிக்குண்டைப் பெட்டிக்குள் உருட்டிவிடுவார்களாம். அப்படி எல்லா நாடும் மாறினால் என் வேலை போச்சு.

இந்தத் தடவை உறையில் ஆறு சீட்டு வைத்திருக்கிறேன். ஆறாவது நம்முடையது.

ஆமாம், நம் நாட்டுச் சீட்டும் இங்கேதான் அச்சாகிறது. எனக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை வேஸ்ட் கட்டு மேசைக்கு வந்தது. வழக்கம்போல் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது தாளில் கை நின்றுவிட்டது. படிக்க முடிந்தது. நான்கு மாதமாக எழுத்தை எண்ணியிருக்கிறேன், படித்ததில்லை. 'ஆம்', 'இல்லை'. எத்தனை சின்ன வார்த்தைகள். யாரோ வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கையாட்டிக் கேட்டார். கண்ணில் தூசி என்று கையாட்டிச் சொன்னேன்.

அதை உனக்கு அனுப்பாமல் இருக்க முடியவில்லை. சுவரில் நடுவில் ஒட்டு.

அப்பாவிடம் சொல்: எண்ணாமல் கையெழுத்துப் போடாதது சரிதான். அதோடு, கொஞ்சம் கவனமாகவும் இருக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேர் சுகம். அங்கே ஒருத்தர் முதுகு நிமிர்ந்து சுகமா?

ஆறும் வந்தன. அம்மா படுக்கை விரிப்புச் சீட்டைப் பார்த்து, "இவ்ளோ பேர் நின்னா உட்கார்றது யாரு?" என்று கேட்டாள். அரசியல் விமர்சகராகப் போகலாம்.

ஒரு விஷயம். மற்ற எல்லாவற்றிலும் குறுக்கே சிவப்பு இருக்கிறது. நம் நாட்டுச் சீட்டில் மட்டும் முத்திரையே இல்லை. சொந்த நாடென்று சலுகையா? எனக்கு நல்லதாகப் போயிற்று. அசல் மாதிரியே இருக்கிறது. அசல் மாதிரி என்ன, மாதிரி இல்லாத அசல்.

அதனால் சுவரில் ஒட்டவில்லை. இப்போது கேள். சிரிக்காமல் கேள்.

சீட்டின் பின்பக்கத்தில், அச்சு எழுத்து மாதிரி அழகாக எழுதினேன்: "வீட்டுப் பொது வாக்கெடுப்பு. இந்த வீட்டின் தலைவர் மீசையை எடுக்கலாமா? ஆம் / இல்லை. எண்ணிவிட்டுக் கையெழுத்திடவும்." நாளை மறுநாள் அப்பாவுக்குத் தேர்தல் பயிற்சி வகுப்பு. அவர் பைலில், கையேட்டுக்கும் படிவத்துக்கும் நடுவில் செருகிவிட்டேன். எல்லார் முன்னாலும் பைலைத் திறப்பார், சீட்டு விழும், அதிகாரி எடுத்துப் படிப்பார். அந்த முகத்தை நினைத்து நினைத்து இன்று இரண்டு தடவை பாத்ரூமில் போய்ச் சிரித்தேன். மூன்று மாதமாக அப்பாவோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை, அண்ணா. ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

இந்தக் கடிதத்தையும் அவர்தான் ஒட்டப்போகிறார். உள்ளே தன் மீசை போகிறது என்று தெரியாமல்.

இப்படிக்கு,
மீசை எதிர்ப்பு முன்னணி


ஜூன் 18

தங்கைக்கு,

அந்தச் சீட்டை உடனே எரித்துவிடு. இதைப் படித்து முடிப்பதற்குள் அது அடுப்பில் இருக்க வேண்டும்.

முத்திரை குத்த மறந்துவிட்டேன். சலுகை இல்லை, மறதி. நம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பார்த்தபடியே மடித்து உறையில் வைத்துவிட்டேன். காவலர் மேலே இருந்த ஐந்து சிவப்பைப் பார்த்தார், ஆறாவதைப் பார்க்கவில்லை. பழகிவிட்டோம் இல்லையா.

முத்திரை இல்லாத சீட்டு மாதிரி இல்லை, அது நிஜமான வாக்குச்சீட்டு. ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னால் அது ஒருவர் கையில் இருந்தால், அதுவும் சாவடி அதிகாரி கையில் இருந்தால், என்ன பெயர் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாது.

பயிற்சி வகுப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அப்பா பைலைத் திறக்கும் முன்பே வீட்டில் பார்த்திருப்பார், உன் காதைத் திருகியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது.

மூன்று பேரும் சுகமா?

அண்ணன்


ஜூலை 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா?

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. என்ன இப்படிப் பயப்படுகிறாய்! அந்தச் சீட்டு இப்போது வீட்டில் இல்லை. கவலையை விடு.

வாக்கெடுப்பு முடிந்தது. 'ஆம்' நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நம் தெருவில் மட்டும் 'இல்லை' போட்டவர்கள் ஆறு பேர் எனக்கே தெரியும். நம் சாவடியில் மொத்தம் 'இல்லை' நாலு. மீதி இரண்டு பேர் பெட்டிக்குள் போன பிறகு மனம் மாறியிருப்பார்கள்.

மை வைத்த விரலோடு எல்லாரும் அலைகிறார்கள். பொய்மையிலும் மை இருக்கிறது, வாய்மையிலும் மை இருக்கிறது, இதில் விரலில் வைத்தது எது என்று அம்மாவிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை ஜாஸ்தி.

அப்பா வெளியூரில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். வந்துவிட்டார். மறுபடி போவார். உன்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னார்.

சுவரில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம். சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். இனிமேல் சீட்டு அனுப்ப வேண்டாம். சேர்க்கிற ஆசை போய்விட்டது.

இப்படிக்கு,
எதிர்க்கட்சித் தலைவி


ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

ஒருத்தன் சுகம்.

எப்போதும் "மூன்று பேர் சுகம்" என்று எழுதுவாய். இந்தத் தடவை "எல்லாரும்". அதை விட்டுவிடலாம். ஜூலையில் யாரும் விடைத்தாள் திருத்துவதில்லை. அதையும் விட்டுவிடலாம்.

உறையைப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அழகாகவே போட்டிருக்கிறாய், ரிப்போர்ட் கார்டில் பழகிய கை. ஆனால் அப்பா முதலில் கையெழுத்துப் போடுவார், பிறகு அதன்மேல் டேப் ஒட்டுவார். நீ முதலில் டேப் ஒட்டி, டேப்பின்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உறையைப் பிரிக்கும்போது மை என் கட்டைவிரலில் வந்துவிட்டது.

அப்பா எங்கே?

அண்ணன்


ஆகஸ்ட் 24

அண்ணாவுக்கு,

இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை.

அப்பா விசாரணைக் காவலில் இருக்கிறார். மே 30-லிருந்து. உனக்கு எழுதக் கூடாது என்பது அவர் உத்தரவு. அம்மா பார்க்கப் போகிறபோதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "பெரியவனுக்கு எழுதலையே?" என்பதுதான். ஆனால் நீ கண்டுபிடித்துவிட்டாய். டேப்பின்மேல் எழுதின பொய் நிற்காது போலிருக்கிறது.

நடந்ததை டிராயிங் சார் வந்து சொன்னார், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல். அப்பா பைலைத் திறந்தார். சீட்டு விழுந்தது. நான் நினைத்த மாதிரியே அதிகாரி எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

அப்பா என் எழுத்தைப் பார்த்திருக்கிறார். முன்பக்கத்து அச்சையும் பார்த்திருக்கிறார். நம் இரண்டு பேரையும் ஒரே தாளில் பார்த்துவிட்டார், அண்ணா.

"வழியில கிடந்துச்சு. ஒப்படைக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

"மீசைன்னு எழுதியிருக்கு?"

"யார் எழுதினதோ."

"மீசை உங்களுக்குத்தானே இருக்கு?"

ஒருத்தர் சிரித்தாராம். ஒருத்தர்தான்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றவர் பையிலிருந்து நிஜ வாக்குச்சீட்டு. அவர்கள் தேடிக்கொண்டிருந்ததை நான் மடித்துக் கொடுத்தேன். கள்ளச்சீட்டு போட்டு வாக்கெடுப்பைக் கெடுக்கச் சதி என்று பேப்பரில் வந்தது. அப்பாவைப் பிடித்த அன்று மாலையே வீட்டைச் சோதனை போட வந்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அம்மா சுவரில் இருந்தது, உன் உறைகள், எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். சேவல், ஏணி, படுக்கை விரிப்பு. ஆறு நாடு, பத்து நிமிஷம். ஒரு கலவரம் இல்லை.

அடுத்த வாரம் நானே விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவுக்குத் தெரியாது. மேசைக்கு முன்னால் நின்று, "எழுத்து என்னுது சார். விளையாட்டுக்கு நான்தான் வெச்சேன்" என்றேன். எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"சரிம்மா. எழுதினது நீ. தாளைக் கொடுத்தது யாரு?"

அந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. என்னை மட்டும் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்கு இரண்டே பதில்தான் இருந்தது. ஒன்று அப்பா. இன்னொன்று நீ.

அந்த நேரம் பார்த்து அப்பாவை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்து நின்றார். தலையை ஆட்டினார், ஒரே ஒரு தடவை. பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்க்கப் போனால் தலையை ஆட்டுவாரே, அப்படி.

மீசையை எடுத்துவிட்டார்கள், அண்ணா. அங்கே எல்லாருக்கும் எடுத்துவிடுவார்களாம். என் வாக்கெடுப்பில் 'ஆம்' ஜெயித்துவிட்டது.

எனக்கு வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அது இரண்டே வார்த்தைதான் பேசியது. "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தாள் எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை அப்பா உள்ளேதான்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். இது அப்பா சொன்னது. அம்மாவைக் கேட்டால் எழுந்து பாத்திரம் கழுவப் போகிறாள். நான் என்ன சொல்கிறேன் என்று என்னைக் கேட்காதே. எனக்கு இன்னும் ஓட்டு வயசு வரவில்லை.

உன் தங்கை


செப்டம்பர் 15

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

ஒருத்தன் சுகம். உண்மையாகவே. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

உன் கடிதம் வந்த அன்றே பழைய பதிவேட்டை எடுத்தேன். மே மாதம், செவ்வாய்க்கிழமை, நம் நாடு. வந்த வேஸ்ட் நானூற்றுப் பன்னிரண்டு. எரித்தது நானூற்றுப் பன்னிரண்டு. கீழே என் கையெழுத்து. உனக்கு அனுப்பிய சீட்டுக்கு முத்திரை குத்தி, மாதிரிக் கணக்கில் எழுதியிருந்தால் எரித்தது நானூற்றுப் பதினொன்று ஆகியிருக்கும். அன்றைக்கு நான் முத்திரையை மட்டும் மறக்கவில்லை, கணக்கையும் மறந்தேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அப்பா இல்லை.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இன்னும் மூன்று மாதம். வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விடு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் அவரிடம் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுக்க அனுமதி கேட்டேன். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தாளை மெஷினில் வைத்து அவரே பொத்தானை அழுத்தினார்.

நடந்ததை எழுதி, நகலை இணைத்து, ஒன்றை அங்கே விசாரணை அலுவலகத்துக்கும் இன்னொன்றை இந்த ஊர் அதிகாரிகளுக்கும் அனுப்பிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் ஷூ பெட்டியை எடுக்காதே. இதற்கு வாக்கெடுப்பு இல்லை. அம்மாவை இதற்கு ஓட்டுப் போடவைக்கக் கூடாது.

இங்கே நாளை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கடிதம் வராது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மீசைக் கேள்வியைப் படித்தபோது, முதல் தடவை, உண்மையைச் சொன்னால், சிரித்தேன்.

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில், இந்தக் கடிதத்தை அண்ணாவுக்கு முன்னால் படிக்கிறவருக்கு வணக்கம். எங்கள் மொழி தெரிந்த ஒருவரை அதற்கென்றே வைத்திருப்பார்களாம். நீங்களும் சுகமா? உங்களுக்கும் கண்ணில் தூசி விழுமா?

அண்ணா, இங்கே மூன்று பேர் இருக்கிறோம். அங்கே ஒருத்தர். கணக்கு பழையபடிதான். ஆனால் அப்பா இப்போது அந்த வரியைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அப்பாவை நவம்பர் 11 அன்று விட்டார்கள். வழக்கு முடிந்துவிட்டது, வேலை இன்னும் திரும்பவில்லை. இனி எந்தத் தேர்தல் பணிக்கும் தகுதியில்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை அவர் நன்றாகப் படித்துவிட்டு, "நாள் போடலையே" என்று திருப்பிக் கொடுத்து, நாள் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

உன் வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி அப்பாவிடம் காட்டினாராம். நானூற்றுப் பன்னிரண்டை அடித்து, பக்கத்தில் நானூற்றுப் பதினொன்று என்று நீ எழுதிய இடத்தை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்து அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எண்ணிக்கையைச் சரியா எழுதியிருக்கான்." சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய் மூடிவிட்டு, அங்கேயே அவரோடு நின்றாள்.

பதினெட்டு மாதம் என்று உன் தீர்ப்புத் தாளில் போட்டிருந்தார்கள். அம்மா நாள்காட்டியில் எண்ணிப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது. கணக்கு வாத்தியாரைக் கேட்க மாட்டேன் என்கிறாள்.

மீசை வளர்கிறது. முழுக்க வெள்ளையாக. நான் அதைப் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், எனக்காக. நேற்று என்னவோ தோன்றி, "பொது வாக்கெடுப்பில் மீசைக்கு மறுபடி வாய்ப்புக் கொடுக்கிறோம்" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எதிர்க்கட்சி என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அதை நீ யாரிடமும் சொல்லாதே. இதைப் படிக்கிற ஐயாவும்.

இப்போது உறையைப் பற்றி. உன் புது முகவரிக்கு வருகிற கடிதத்தை ஒட்டக் கூடாதாம். திறந்தே அனுப்ப வேண்டும், அங்கே படித்துவிட்டு அவர்கள் ஒட்டுவார்களாம். இது அப்பாவுக்குத் தெரியாது. நான் எழுதி முடிக்கிற நேரம் பார்த்து, வழக்கம்போல் பேனாவும் டேப்புமாக வந்து உட்கார்ந்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த டேப்பை எடுத்திருக்கிறார். நுனி கிடைக்காமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒட்டக் கூடாதாம்ப்பா."

உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். மடிப்பைத் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார்.

"அப்ப கையெழுத்தை எங்க போடுறது?"

என்னைத்தான் கேட்டார். பதினாறு வருஷத்தில், தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் கடிதத்தையே அவர் பக்கம் தள்ளினேன். இத்தனை மாதமாக ஒரு வரிகூடப் படிக்காதவர். இன்றும் படிக்கவில்லை. நான் எழுதியதை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அடியில் மட்டும் இடம் பார்த்தார்.

கீழே இருக்கிறது. அசல்தான். முதலில் கையெழுத்து, அப்புறம் டேப். தடவிப் பார், மை வராது.

உன் தங்கை